வக்கீலம்மாவின் கவுன்

"அந்தக் கவுனைக் கீழே வை. இஸ்திரி போடாதே!"

லாண்டரிக்காரர் போட்ட சத்தத்துக்கு அவர் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. இஸ்திரிப் பெட்டி அது பாட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தது.

"காசு வாங்கியாச்சு. காலையில கொடுத்தாகணும்."

"யாருக்குன்னு தெரியுதில்ல? நம்ம கடையை ஏலத்துக்குக் கொண்டுவந்து விட்ட மகராசிக்கு!"

அதென்னவோ உண்மைதான். கடைக்கு வாங்கிய கடனுக்காக பேங்க் போட்ட வழக்கில், பேங்க் பக்கம் நின்று ஜெயித்தவர்தான் இந்தக் கவுனுக்குச் சொந்தக்கார வக்கீலம்மா. கட்டிய தவணைகளை பேங்க் சரியாகச் சேர்க்கவில்லை என்று இவர்கள் அப்பீல் போட்டிருந்தார்கள். மறுநாள் விசாரணை. தோற்றால் கடை போச்சு.

"கவுன் இல்லாம அந்தம்மாவால கோர்ட்ல வாயைத் திறக்க முடியாது. எங்கேயோ மாறிப்போச்சுன்னு சொல்லிடுவோம். யாருக்குத் தெரியப்போகுது?"

"வழக்கு வேற, வாடிக்கை வேற. பேசாம அடுத்த துணியை எடுங்க."

காலையில் கவுன் மடிப்புக் கலையாமல் வக்கீலம்மா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கொண்டுபோய்க் கொடுத்தவரும் லாண்டரிக்காரரேதான். முகத்தை மட்டும் உர்ரென்று வைத்துக்கொண்டார்.

கோர்ட்டில் இவர்களுடைய வக்கீலைக் காணோம். "பஸ் ரிப்பேர், வந்துட்டே இருக்கேன்" என்று போனில் சொன்னதோடு சரி. அதற்குள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பேங்க் வக்கீலம்மா எழுந்தார். உடம்பில் கவுன் இல்லை.

"கவுன் எங்கேம்மா?" ஜட்ஜ் முகம் சுளித்தார்.

"மன்னிக்கணும் ஐயா. லாண்டரியிலேருந்து இன்னும் வரலை. ஆள் அனுப்பியிருக்கேன். இந்த வழக்கைக் கொஞ்சம் பொறுத்துக் கூப்பிட்டா நல்லாயிருக்கும்."

"இத்தனை வருஷம் வக்கீலா இருக்கீங்க, இதுகூடவா தெரியாது? போங்க, கவுனோட வாங்க. அடுத்த கேஸ்!"

கோர்ட்டே வக்கீலம்மாவைத் திரும்பிப் பார்த்தது. லாண்டரிக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

"பொய்! பச்சைப் பொய்! என் கையால கொடுத்தேன்!"

"உஷ்! எல்லாரும் பார்க்கிறாங்க."

"இவங்க கடனையும் கட்ட மாட்டாங்க, துணியையும் கொடுக்க மாட்டாங்கன்னு ஜட்ஜ் மனசுல ஏத்திவிடுது அந்தம்மா. பேசாம ஒளிச்சே வச்சிருக்கலாம். செஞ்ச தப்புக்குக் கெட்ட பேருன்னு மனசாவது ஆறியிருக்கும்!"

மனைவி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். பார்த்துப் பார்த்து இஸ்திரி போட்ட கவுன். அவளுக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

மறுபடி வழக்கைக் கூப்பிட்டபோது இவர்களுடைய வக்கீல் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்திருந்தார். வக்கீலம்மாவும் இப்போது கவுனோடு நின்றார். விட்டுக்கொடுக்காமல்தான் வாதாடினார். ஆனாலும் தவணை கட்டிய ரசீதுகள் பேசின. ஏலம் ரத்து, கணக்கை மறுபடி பாருங்கள், பாக்கியை மெதுவாகக் கட்டட்டும் என்று ஜட்ஜ் முடித்துவிட்டார்.

மனைவிக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. லாண்டரிக்காரருக்கும் சந்தோஷம்தான், ஆனால் ஆறவில்லை. வராந்தாவில் வக்கீலம்மாவை மறித்துக்கொண்டார்.

"வழக்கு கிடக்கட்டும்மா. எங்க கடை பேரை எதுக்குக் கெடுத்தீங்க? கவுன் உங்க பையிலதானே இருந்தது?"

"பையிலதான் இருந்தது."

"அப்புறம்?"

வக்கீலம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"முதல்ல கூப்பிட்டப்ப உங்க வக்கீல் இல்லை. நான் கம்முனு நின்னிருந்தா, உங்க அப்பீல் அந்த நிமிஷமே தள்ளுபடி ஆகியிருக்கும். அவர் வந்து சேர்ற வரைக்கும் இழுத்துப் பிடிக்க, அவசரத்துக்கு எனக்கு வேற பொய் தோணலைங்க!"