முதல் தாள்

கையும் களவுமாகப் பிடித்துவிட்டார் நூலகர்.

மூன்று மாதத் தலைவலி அது. பாதாளக் கோட்டை, மந்திர வாள், சாபம் வாங்கிய இளவரசி என்று பள்ளிப் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு படிக்கிற சரித்திர மாயக் கதை. நாலு பாகம். எந்தப் பிரதியை எடுத்தாலும் முதல் தாளை மட்டும் காணோம். நூலக முத்திரையும் பதிவு எண்ணும் அதில்தான் இருக்கும். அது போனால் புத்தகமே தொலைந்ததாகத்தான் தணிக்கையில் எழுதுவார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

சந்தேகத்தில் இரண்டு பிள்ளைகளின் உறுப்பினர் அட்டையைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தார். கடைசியில் பார்த்தால், தினமும் வந்து மூலையில் சாதுவாக உட்கார்ந்து படிக்கிற அம்மாள். கையில் பிளேடு.

"உங்க வயசுக்கு இது நல்லா இருக்காம்மா?"

"தப்புதான் சார்."

"ஒண்ணும் தெரியாத பசங்களைக் கண்டபடி திட்டினேன். அப்பவும் வாயைத் திறக்காம உக்காந்திருந்தீங்களே!"

அம்மாள் தலை குனிந்தார். "அதுக்கு மட்டும் என்னை மன்னிச்சிருங்க."

"அதுக்கு மட்டுமா?" நூலகருக்குச் சுர்ரென்று ஏறியது. "நாளைக்கு இதை எழுதினவரே பாராட்டு விழாவுக்கு இங்க வர்றார். அவர் முன்னாடி உங்களை நிறுத்தறேன். அவரே தீர்ப்பு சொல்லட்டும்."

"தாராளமா நிறுத்துங்க சார். அவர் என் வீட்டுக்காரர்தான்."

நூலகருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடுத்த நொடியே எரிச்சல் வந்தது.

"புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு என் புத்தகம்தான் கிடைச்சுதா?"

அம்மாள் கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து மேஜையில் வைத்தார். ஒன்றுகூட மடங்கவில்லை. முன்பக்கம் எழுத்தாளர் பெயர். பின்பக்கம், 'அற்பாயுளில் மறைந்த என் அருமை மகளுக்குச் சமர்ப்பணம்.'

"நல்லாத்தானே போட்டிருக்கார்?"

"கதையை எழுதினதே அவதான் சார். காய்ச்சலோட உக்காந்து எழுதினா. பரீட்சைக்குப் படிக்காம பேய்க்கதை எழுதறியான்னு பெல்ட்டால அடிச்சார். அவ போய் ஒரு வருஷம் கழிச்சு அந்த நோட்டையெல்லாம் பெட்டியிலேருந்து எடுத்தார். பேரை மட்டும் மாத்தினார்."

நூலகர் ஒரு தாளைத் திருப்பி முன்பக்கத்துப் பெயரைப் பார்த்தார்.

"இங்க அட்டையைப் பிரிச்சுட்டு கெட்டி பைண்டிங் போட்டுடறீங்க. அவர் பேர் இருக்கிறது இந்த ஒரு தாள்லதான். உள்ள ஒரு எழுத்தைக்கூட நான் தொடலை, பாருங்க. அது என் பொண்ணோடது."

நம்புவதா, வேண்டாமா? ஊரைக் கூட்டி விழா ஏற்பாடு செய்தாயிற்று. மாலைக்குச் சொல்லியாயிற்று. இந்த அம்மாள் பொய் சொல்கிறார் என்று ஆகிவிட்டால் எவ்வளவு நிம்மதி!

"அதெப்படிம்மா?" என்றார் பிடிவாதமாக. "அஞ்சாம் பாகம் எழுதிக்கிட்டிருக்கேன்னு போன வாரம்கூடப் போன்ல சொன்னாரே?"

"ரெண்டு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்கார்," என்றார் அம்மாள். "அது வராது சார். நாலாவது நோட்டோட என் பொண்ணு செத்துப்போயிட்டா."