பார்ப்பவர்: ஒருவர்

பட்டுக்கடை மாடியில் மதிய வெயில் வெள்ளை மெத்தையின் பாதிவரை வந்து நிற்கிறது. வாடிக்கையாளர் யாரும் இல்லை. யோகலட்சுமி கடையின் செல்போன் கேமராவுக்கு முன்னால் அரக்குப் புடவையை உதறி விரிக்கிறாள். “ஹாய் ஃப்ரெண்ட்ஸ்! லுக் அட் திஸ்! யூ ஹேவ் டு சீ திஸ்!” லைவில் பார்ப்பவர் ஒருவர். அந்த ஒருவரும் இல்லாமல் போனால் நாளையிலிருந்து லைவே வேண்டாம் என்று முதலாளி சொல்லியிருக்கிறார். புடவை மடித்துக்கொண்டிருக்கும் மாணிக்கவேல் நிமிராமலே கேட்கிறார்.

“யாருமா பாத்துக்கினு இருக்காங்க?”

“ஒருத்தங்கண்ணா.”

“ஃபாரினா?”

“ஆமாண்ணா.”

அடுத்த புடவைக்காக அலமாரிக்குத் திரும்புகிறாள். அங்கே அடுக்குக்கு நடுவில் சாய்த்து வைத்திருக்கும் அவளுடைய சொந்த செல்போனில், சத்தமில்லாமல், சில நொடி பின்தங்கி, லைவில் அவளே ஓடிக்கொண்டிருக்கிறாள். அதை அவசரமாக உள்ளே தள்ளும்போது விரல் அதன் ஓரத்து ஒலிப் பொத்தானில் அழுந்துகிறது. மயில் கழுத்து நிறப் புடவையோடு கேமராவுக்கு வருகிறாள். “ஹே, லுக் ஹியர்! டோன்ட் மிஸ் இட்!” ஜரிகை வெயிலில் பளிச்சிடுகிறது. யாரும் விலை கேட்கவில்லை. சிரிப்பை அப்படியே வைத்துக்கொண்டு காத்திருக்கிறாள். மின்விசிறி சுற்றுகிறது.

முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் உற்சாகமாகக் கூப்பிடுகிறது. “ஹே, லுக் ஹியர்!”

யோகலட்சுமி ஆவலோடு திரும்பிப் பார்க்கிறாள்.