எல்லாருக்கும் ஒரே பெயர்

ரெஜினா புரோகிராம் எழுதப் பழகி ஒரு வாரம்தான் ஆகிறது. ஃபோல்டரில் இருந்த நாற்பது கல்யாணப் போட்டோக்களுக்கும் வரிசையாக எண் போட்டுப் பெயர் வைக்க ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். நகல் எடுத்து வைக்காமலே அதை ஓடவிட்டாள்.

ஸ்கிரிப்ட் முதல் போட்டோவுக்கு 'கல்யாணம் 1' என்று பெயர் வைத்தது. இரண்டாவதற்கும் அதே பெயரை வைத்தது. உடனே முதல் போட்டோவைக் காணோம்.

மூன்றாவதாக நின்ற தாலி கட்டும் போட்டோ ஸ்கிரிப்டிடம் கேட்டது. "அண்ணே, முதல்ல நின்னவரு எங்கே?"

"ஒரே பேர்ல ரெண்டு பேர் இங்க இருக்க முடியாது. பின்னாடி வர்றவரு முன்னாடி இருக்கறவர அழிச்சிட்டுத்தான் உட்காரணும்."

"அப்போ எண்ணை ஒண்ணொண்ணா கூட்டுங்களேன்!"

"கூட்டச் சொல்லி அவங்க எழுதலையே."

"ஐயோ, அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே!"

"ஏதாவது புரியலைன்னாத்தான் நான் வாயத் திறப்பேன். எனக்கு எல்லாம் தெளிவாப் புரியுதே. வா, அடுத்து நீதான்."

கடைசியாக உட்கார்ந்தது, கேமராவை விரல் மறைத்ததால் பாழான போட்டோ. அது பயந்து பயந்து சுற்றிப் பார்த்தது. ஃபோல்டரில் வேறு யாருமே இல்லை.

வெளியே ரெஜினா கைதட்டினாள். "அப்பாடா, ஒரு எரர்கூட வரல!"