துலுக்காணத்துக்கு வைத்த தீ

குழாய்க்கு மாலை போட்டிருந்தார்கள்.

அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். புருஷனுக்குப் போட ஒரு முழம் பூவுக்குக்கூட வழியில்லாமல் போயிருந்தது.

குப்பை பொறுக்குகிறவர்களைக் குழாய்க்குப் பின்னால் கயிறு கட்டி நிறுத்தியிருந்தார்கள். மேடை, நாற்காலி, கார் எல்லாம் முன்பக்கம்.

போன மழையில் இந்தக் குப்பைமேடு சரிந்தபோது அவள் புருஷன் துலுக்காணம் அடியில் இரும்பு பொறுக்கிக்கொண்டிருந்தான். இயந்திரம் வைத்துத் தேடினார்கள். தோண்டத் தோண்டச் சரிகிறது என்று கையை விரித்துவிட்டார்கள்.

உடல் இல்லை. கொள்ளியும் இல்லை.

கொள்ளி வாங்காத உயிர் வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும் என்றார்கள். அவளுக்கும் அப்படித்தான் இருந்தது. சோற்றில் கை வைத்தால் அவன் பசியோடு பார்ப்பது போலிருக்கும்.

மைக்கில் பொறியாளர் பேசினார். மேட்டுக்குள் மக்குவதெல்லாம் வாயுவாகிறதாம். அதைக் குழாயில் பிடித்து மின்சாரம் எடுக்கப்போகிறார்களாம். சோறு, இலை, தழை, உயிரோடு இருந்த எதுவும் இனி வீணாகாதாம். இன்று விருந்தினர் அதைக் கொளுத்திக் காட்டுவாராம்.

உயிரோடு இருந்த எதுவும்.

அவள் மாலை போட்ட குழாயை மறுபடி பார்த்தாள்.

விருந்தினர் வெள்ளை வேட்டியில் வந்தார். முனையில் துணி சுற்றிய நீளக் கம்பியை வாங்கினார். எரிகிற முனையைக் குழாயின் வாயில் வைத்தார்.

குப்பென்று பிடித்தது.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். மகன் இல்லாத வீடு. எவளோ பெற்ற பிள்ளை வைத்துவிட்டான், நல்லா இருக்கட்டும்.

வெந்து போகட்டும் அந்த மனுஷன். இத்தனை நாள் அழுகியது போதும்.

விருந்தினர் கம்பியைக் கொடுத்துவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் போகிற உயிர் போகாது. சுடுகாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். இவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

அவர் பாட்டுக்கு நேரே போய்க்கொண்டிருந்தார். கார் கதவைத் திறந்து பிடித்திருந்தார்கள். இன்னும் நாலு எட்டுத்தான்.

அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, திரும்பிப் பாக்காத போயிடுங்க!"

அவர் நின்றார்.

யார் கூப்பிட்டது என்று திரும்பினார். தீக்கு அந்தப் பக்கம் நின்றவளைப் பார்த்துச் சிரித்து, கும்பிட்டார்.

பக்கத்தில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக அவளைவிட்டு விலகினார்கள்.