அமைதிப் பயிற்சி

“மறுபடியும் வாசலுக்கா போற? கழுத!”

ஞானரட்ணம் வாத்தியார் மேசையில் அடித்த அடியில் வெண்கட்டி உருண்டு விழுந்தது. கதவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஐந்து வயதுப் பூரணி அப்படியே நின்றாள்.

தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தின் பாலர் வகுப்பு அது. சுவரில் வாத்தியார் கைப்பட எழுதிய அட்டவணை தொங்கியது: ‘நாளைய பிரஜைகளுக்கு இன்றைய பொறுப்புகள்’. அந்தப் பிரஜைகளின் அப்பன்மார் போட்ட பிரஜாவுரிமை மனுக்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது வேறு விஷயம்.

மணியாகத் தொங்கும் தண்டவாளத் துண்டைத் தட்டுவது சோலைமலை. தண்ணீர் வாளியை மூடி வைப்பது வீரம்மா. கரும்பலகை துடைக்க, நகம் பார்க்க என்று ஆளுக்கொரு வேலை. பத்து மணிக்கு அமைதிப் பயிற்சி. பிள்ளைகள் கைகட்டி, கண்ணை மூடி, அரை மணி நேரம் உட்கார வேண்டும். முன்மாதிரியாக வாத்தியாரும் மூடுவார்.

அதில்தான் பூரணி அவர் மானத்தை வாங்கினாள். சோலைமலை மணியடித்து அவர் கண்ணைத் திறக்கும்போதெல்லாம் அவள் வாசலில் நிற்பாள். போன மாதம் தோட்டத்துத் தொரையின் கார் வந்த அன்று, சிலேட்டை அவர் காலடியிலேயே போட்டு உடைத்தாள். அதற்கு வாங்கிய குட்டும் அவளைத் திருத்தவில்லை.

அன்று காலைகூட, கொழுந்துக் கூடையோடு மலைக்குப் போன அவள் அம்மா பேச்சியம்மாவை மறித்துப் பொருமித் தீர்த்தார். “ஒன் மகளுக்குப் பொறுப்புங்கறதே கெடையாதும்மா!”

“அவளுக்காங்க சார்?” பேச்சியம்மா குழம்பிப் போனாள். “ஒருக்கா சொன்னா மறக்க மாட்டாளே. வீட்டுல தம்பியவே அவதான் பாத்துக்கிறா.”

பெற்றவள் அப்படித்தான் சொல்வாள். இந்த வாரம் ஏதோ ஒரு நாள் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார். அவர் நல்லபடி எழுதினால் அட்டன் டவுன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம், அட்டைக்கடி இல்லாத வாழ்க்கை. எட்டு வருஷக் கனவு ஒரு பொடிசால் கெடலாமா?

“இன்னிக்கு நீ அசையக் கூடாது. மூலையில போயி சொவத்தப் பாத்து நில்லு!”

“சார்... நான் வாசல்ல...”

“வாய மூடு!”

பத்து மணி. சோலைமலை தட்டினான். கண்கள் மூடின. ஜன்னல் வழியே பனிமூட்டம் உள்ளே வந்தது.

“குட் மோர்னிங், மாஸ்டர்.”

வாத்தியார் கண்ணைத் திறந்தார். எதிரே ஈரக் கோட்டோடு இன்ஸ்பெக்டர். வெளியே கார்.

“அமைதிப் பயிற்சி, சார்,” என்று எழுந்தார் வாத்தியார். “நானே கண்டுபிடிச்சது. மனசு அடங்கினாத்தான் பொறுப்பு வரும்.”

இன்ஸ்பெக்டர் கைகட்டி உட்கார்ந்திருந்த பிள்ளைகளைப் பார்த்தார். அட்டவணையை மேலிருந்து கீழ்வரை படித்தார். “இந்தப் பக்கத்துல நான் பாத்த பள்ளிக்கூடங்கள்ல இப்பிடி ஒண்ணு இல்ல,” என்று பதிவுப் புத்தகத்தை விரித்துப் பேனா மூடியைக் கழற்றினார்.

வாத்தியார் அத்தோடு சும்மா இருந்திருக்கலாம். அவருக்கு இன்னும் ஒரு பிடி பாராட்டு வேண்டியிருந்தது.

“முப்பதுல ஒண்ணுதான் சார் தேறல. அந்தா, மூலையில நிக்கிது பாருங்க. கண்ண மூடச் சொன்னா வாசல்ல போயி நிக்கும். நான் படாத பாடு இல்ல!”

இன்ஸ்பெக்டர் பேனாவோடு போய்க் குனிந்தார். “ஏம்மா, வாசல்ல ஒனக்கு என்ன வேல?”

பூரணி திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். அவள் இன்ஸ்பெக்டரைப் பார்க்கவில்லை. வாத்தியாரைத்தான் பார்த்தாள்.

“கார் வந்தா எழுப்பிவிடுன்னு மொத நாளு நீங்கதானே சார் சொன்னீங்க?”