ஒரு துளி நாக்கில்

"இவங்கதான் நம்ம புழுக்களைப் பார்த்துக்கறவங்க" என்று அவர் கை காட்டியபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பார்த்துக்கொள்கிறவளாம். மாட்டுத் தொழுவமா இது?

பூச்சிமருந்துக் கம்பெனியிலிருந்து வந்திருந்த மூவரும் மரியாதைக்கு அவளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு மறுபடி அவர் பக்கமே திரும்பிக்கொண்டார்கள். அவர் அந்த ஆய்வுக்கூடத்தின் தலைவர். அவளுக்குப் பதினெட்டு வருஷமாகக் கணவர். இரண்டாவதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவள் கடல்நீர்த் தொட்டிகளின் ஓரமாக நின்றுகொண்டாள். கோட்டுப் பைக்குள் விட்ட வலது கையை வெளியே எடுக்கவில்லை.

தொட்டிகளில் ஷூ லேஸ் மாதிரி மெல்லிய கடற்புழுக்கள் கற்களுக்கடியில் சுருண்டு கிடந்தன. ஒவ்வொன்றையும் தூரிகையால் எடுத்து, வடிதாளில் கிடத்தி, முதுகை வருடினால் எரிச்சல்பட்டுக் கொஞ்சம் கோழை விடும். அந்தக் கோழையில்தான் விஷம். ஒரு சின்னக் குழாய் நிரம்புவதற்கு நாற்பது புழுக்களாவது எரிச்சல்பட வேண்டும். ஆறு வருஷமாக அவற்றை எரிச்சல்படுத்திக்கொண்டிருந்தவள் அவள்.

அவர் கதையை ஆரம்பித்தார்.

ஒரு நாள் காலையில் கை கழுவும் தொட்டியோரம் இரண்டு கரப்பான்பூச்சிகள் மல்லாந்து கிடந்ததைப் பார்த்தாராம். பக்கத்தில் புழு எடுக்கும் தூரிகை ஈரத்தோடு இருந்ததாம். உடனே பொறி தட்டியதாம்.

பார்த்தவள் அவள். துடைப்பத்தால் தள்ளிவிடாமல், இரண்டையும் காகிதத்தில் மடித்து எடுத்துக்கொண்டு அவர் அறைக்கு ஓடியவள் அவள். வீட்டிலும்தான் கரப்பான் சாகிறது, அதற்கெல்லாம் இப்படி ஓடி வருவாயா என்று கேட்டவர் இந்த மகானுபாவர்.

இன்று அந்தக் கோழைக்குள் இருக்கும் பெப்டைட் என்கிற குட்டிப் புரதத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் தயாராக இருக்கிறது. அதில் ஒரே ஒரு பெயர். இரண்டு வாரம் சண்டை போட்ட பிறகு, கம்பெனி இன்று சரி சொன்னால் உன் பெயரையும் இரண்டாவதாகப் போடுகிறேன் என்று பிச்சை போடுவதுபோல வாக்குக் கொடுத்திருந்தார். அவள் அதையும் கைநீட்டி வாங்கிக்கொண்டாள். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் பெயர் அவளுக்கு வேண்டியிருந்தது.

அவள் சொன்ன எதைத்தான் அவர் காதில் போட்டுக்கொண்டார்?

போன வருஷம் காய் நறுக்கும்போது வெட்டுப்பட்ட விரலில் ஒரு சொட்டுக் கோழை பட்டு, முழங்கை வரை இரண்டு நாள் மரத்துப்போனது. தோலில் பட்டால் ஒன்றுமில்லை, புண் வழியாக உள்ளே இறங்கினால் சங்கதி வேறு என்று கரடியாய்க் கத்தினாள். உனக்கு ரத்த ஓட்டம் சரியில்லை, காலையில் எழுந்து நட என்றார்.

இன்று காலையும் அப்படித்தான். ஒரே காரம், மனுஷன் வாயில் வைக்க முடியுமா என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். எப்போதும் போடுகிற மிளகாய்தான். காரில் வரும்போது செய்முறையை ஒத்திகை பார்த்தார். ஒரு துளி தன் நாக்கில், ஒரு துளி பூச்சியின் மேல். வேண்டாம் என்று அவள் வாயெடுத்ததும் ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

இன்னொரு வார்த்தை பேசியிருந்தால் கார்க் கதவைத் திறந்து இறங்கியிருப்பாள்.

இப்போது அவர் ஐஸ் பெட்டியிலிருந்து குழாயை எடுத்தார். காலையில் அதை நிரப்பி, தேதி எழுதி ஒட்டி, அங்கே வைத்தவளும் அவள்தான்.

பூச்சிக்கு எமன், மனிதருக்கு ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டு நாக்கை நீட்டி ஒரு துளி விட்டுக்கொண்டார். சப்புக்கொட்டினார். கொஞ்சம் உப்புக் கரிக்கிறது, அவ்வளவுதான் என்றார். மூவரும் சிரித்துக் கைதட்டினார்கள். ஒருவர் படம் எடுத்தார்.

அடுத்த துளி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கரப்பானின் முதுகில் விழுந்தது. முப்பது விநாடி பாருங்கள் என்றார். எல்லாரும் குனிந்தார்கள்.

கரப்பான் மீசையைத் துடைத்துக்கொண்டது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது.

இன்னொரு துளி. இன்னும் ஒன்று.

குளித்த தெம்பில் அது கண்ணாடிமேல் ஏறத் தொடங்கியது.

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மூவரில் மூத்தவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தகவல் சொல்கிறோம் என்றார். அவர்கள் பைகளை எடுத்துக்கொண்டு போன வேகத்திலேயே தகவல் தெரிந்துவிட்டது.

கதவு மூடியதும் அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"குழாய்ல என்னத்த ஊத்தித் தொலைச்ச?"

"உப்புத் தண்ணி."

அவர் தாம்தூம் என்று குதித்தார். பொறாமை பிடித்தவள் என்றார். புருஷன் மானத்தைக் கப்பலேற்றிவிட்டாயே என்றார். இந்த ஜென்மத்தில் அந்த விண்ணப்பத்தில் உன் பெயர் ஏறாது என்றார்.

அவளுக்கும் திருப்பிச் சொல்ல ஆறு வருஷத்துக் கணக்கு இருந்தது. கோபம் கொஞ்சமும் இறங்கவில்லை. இறங்கும் என்றும் தோன்றவில்லை. கோட்டுப் பைக்குள் நாற்பது புழுக்களின் கோழை நிரம்பிய அசல் குழாய் உள்ளங்கைச் சூட்டில் வெதுவெதுத்துப் போயிருந்தது. அதைப் பெட்டியில் வைத்திருந்தால் இந்நேரம் அவள் பெயர் ஏறியிருக்கும்.

அவர் இன்னும் பெரிதாக வாயைத் திறந்து கத்தினார்.

நாக்கின் ஓரத்தில் மூன்று நாளாக ஆறாமல் இருந்த அந்தப் புண், காலையில் மிளகாய் பட்டதில் நன்றாகச் சிவந்திருந்தது.