லைசென்ஸ் மட்டும் உன் பேர்ல

"கெட்டியாப் பிடிச்சுக்கோ ப்ரிஸ்ஸி, சிக்னல் விழப்போவுது!"

டேவிட் ஸ்கூட்டரை முறுக்கினார். மஞ்சள் சிவப்பாவதற்குள் அல்சூர் சந்திப்பைத் தாண்டி, ஒரு பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவே நுழைந்து வெளியே வந்தார். பின்சீட்டில் அவர் மனைவி பிரிசில்லா கண்ணை மூடிக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

"கண்ணைத் தொற. பரீட்சைக்கு இன்னும் இருபது நிமிஷம்தான். கேள்வி கேக்கறேன், பதில் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரன் காருக்கு நாம இன்ஷூரன்ஸ் எடுக்கலாமா?"

"நல்ல மனுஷனா இருந்தா எடுக்கலாங்க."

டேவிட் ஹெல்மெட்டுக்குள் பல்லைக் கடித்தது வெளியே கேட்டது.

"எடுக்கக் கூடாது! அவன் கார் போனா அவனுக்குத்தான் நஷ்டம், உனக்கென்ன? அடுத்தது. நேத்து எரிஞ்ச கடைக்கு இன்னைக்குப் பாலிசி குடுக்கலாமா?"

"பாவம், கடையே எரிஞ்சுபோச்சுன்றீங்க... குடுத்துடலாம்."

"குடுத்துட்டு ரெண்டு பேரும் ஜெயிலுக்குப் போலாம். குடிச்சிட்டு ஓட்டி இடிச்சவனுக்கு கிளெய்ம் உண்டா?"

"எவ்ளோ குடிச்சான்?"

"ஏசுவே!"

பக்கத்தில் ஊர்ந்துகொண்டிருந்த ஆட்டோக்காரர் தலையை நீட்டினார். "அக்கா கேக்கறது நியாயம்தானே சார்?"

ஜெனரல் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் பரீட்சை. ஐம்பது கேள்வியில் பதினெட்டு சரியாக இருந்தால் பாஸ். பிரிசில்லாவுக்கு இது நாலாவது முறை. எழுதுவது அவள், ஏஜென்ட் ஆகப்போவது டேவிட். அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் வேலையில் இருந்துகொண்டு அவர் பேரில் ஏஜென்சி எடுக்க முடியாது. அதனால் லைசென்ஸ் மனைவி பேரில், வியாபாரம் கணவன் கையில். கையில் லைசென்ஸ் வராமல் வேலையை விட அவர் என்ன பைத்தியமா?

சட்டைப் பையில் ராஜினாமாக் கடிதம் ரெடி. தேதி மட்டும்தான் போடவில்லை.

"நீ பாஸானா இன்னைக்கே கடுதாசியக் குடுத்துடுவேன். காக்ஸ் டவுன்ல எத்தனை காரு, எத்தனை கடை! அத்தனையும் நம்ம பாலிசி."

"ரிடையராக இன்னும் ஆறு வருஷந்தாங்க இருக்கு. அப்புறமா செய்யலாமே?"

"அப்புறம்னா முட்டிவலி வந்துடும்."

"வாட்டர் ஃபில்டர் ஏஜென்சி எடுத்தப்பவும் இதேதான் சொன்னீங்க. பதினோரு ஃபில்டர் இன்னும் கட்டிலுக்கு அடியில கெடக்குது. அதுக்கு முன்னால காளான். குளிக்கற ரூம்ல கூட முளைச்சுது. ஒருத்தரும் வாங்கல."

"ஒண்ணு தண்ணி, ஒண்ணு காளான். இன்ஷூரன்ஸ்னா தீ, திருட்டு, ஆக்சிடென்ட்! பயந்தவன் தன்னால பாக்கெட்டைத் தொறப்பான்." டேவிட் ஹாரனை ஓங்கி அடித்தார். "உனக்கு இஷ்டமில்லன்னா இப்பவே சொல்லிடு. என் தங்கச்சி பியாட்ரிஸ் ரெடியா இருக்கா. டபுள் கிராஜுவேட். ஒரே தடவையில தூக்கிடுவா."

"வேணாம், வேணாம்!" பிரிசில்லா அவசரமாகச் சொன்னாள். "நானே எழுதறேன்."

"அது!"

ஜோகுபாளையத்தில் அந்தக் கம்ப்யூட்டர் சென்டர் இரண்டாவது மாடியில் இருந்தது. வாட்ச்மேன் டேவிட்டின் நெஞ்சில் கையை வைத்தார். "எழுதறவங்க மாத்ரம்."

"தெரியலன்னா 'சி' போடு!" என்று மாடிப்படியைப் பார்த்துக் கத்தினார் டேவிட்.

ஒரு மணி நேரம். எதிர் டீக்கடையில் மூன்று டீ குடித்தார். சும்மா இருக்க முடியாமல் கடைக்காரர் கோவிந்தப்பாவிடமே தொழிலை ஆரம்பித்தார்.

"திடீர்னு இந்த சிலிண்டர் வெடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"ஓடுவேன்," என்றார் கோவிந்தப்பா.

பிரிசில்லா தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இறங்கி வந்தாள். மார்க் ஷீட்டை நீட்டினாள். டேவிட் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

பதினேழு.

"இந்தத் தடவையும் ஒரு மார்க்கு! ஒரே ஒரு மார்க்கு! 'சி' போடச் சொன்னேனே!"

"போட்டேங்க. அவங்க 'பி'ன்னு வச்சிருக்காங்க."

டேவிட் வானத்தைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார், கடைசியில் மனைவியின் முகத்தைப் பார்த்தார். மனசு இளகிவிட்டது.

"சரி, விடு. அழுவாத. இவ்ளோ கிட்ட வந்துட்டே, அடுத்த தடவை தாண்டிடுவே. மசால் தோசை சாப்ட்டுட்டு நான் மத்தியான ஷிஃப்டுக்குப் போறேன். இங்கயே நில்லு, வண்டிய எடுத்தாறேன்."

அவர் போனதும் மாடிப்படியில் செருப்புச் சத்தம். சென்டரில் வேலை பார்க்கும் வீணா மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மேடம், ஆதார் கார்டை விட்டுட்டுப் போறீங்க." கொடுத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், பேஜார் பண்ணிக்காதீங்க. ரிசல்ட்டு பிரிண்ட் எடுக்கறது நான்தான். நாலு தடவையும் நீங்க பதினேழு. ஒண்ணு கூடவும் இல்ல, ஒண்ணு கம்மியும் இல்ல. தெரியாம குத்தறவங்களுக்கு இப்படி வராது மேடம். அம்பதுக்கும் ஆன்சர் தெரிஞ்சாத்தான் இப்படிக் குறி பாத்துத் தோக்க முடியும்."

பிரிசில்லா தெருமுனையைப் பார்த்தாள். டேவிட் இன்னும் வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

"தோக்கறதுதான் தோக்கறீங்க," வீணாவுக்கு ஆவல் தாங்கவில்லை. "பேசாம சைபர் வாங்கிட்டுப் போலாமே?"

"சைபர் வாங்கினா, இது தேறாதுன்னு நாத்தனாரை அனுப்பிடுவாரும்மா," என்றாள் பிரிசில்லா. "ஒரு மார்க்ல போனாத்தான் ஆறு வருஷமும் என்னையே அனுப்புவாரு."